பரணில் பழைய கம்ப்யூட்டரா? எடைக்குப் போடும் முன் ஒரு நிமிஷம்!

நாமக்கல் லாரி பட்டறை, திருச்செங்கோடு ரிக் வண்டி ஒர்க்‌ஷாப், பள்ளிபாளையம் விசைத்தறிக் கூடம் என்று எங்கே போனாலும் ஒரே குணத்தைப் பார்க்கலாம். இயந்திரம் நின்றுபோனால் முதலில் கழற்றிப் பார்ப்பார்கள். தூக்கிப்போடுவது கடைசி யோசனைதான். ஆனால், கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் இது தலைகீழ். ஆன் ஆகவில்லையா, எடைக்குப் போட்டுவிடுவோம்.

அப்படிப் போகிற மூட்டைகளில், நம் நாட்டுக் கம்ப்யூட்டர் வரலாற்றின் முதல் பக்கங்களும் சேர்ந்தே போய்க்கொண்டிருக்கின்றன.

கீபோர்டுக்குள் ஒரு கம்ப்யூட்டர்

1980களின் வீட்டுக் கம்ப்யூட்டர் பார்ப்பதற்கு வெறும் கீபோர்டு மாதிரிதான் இருக்கும். மொத்த இயந்திரமும் அதற்குள்ளேயே அடக்கம். வீட்டு டி.வி-யில் வயரைச் செருகி, டேப் ரெக்கார்டரில் கேசட்டை ஓடவிட்டால் புரோகிராம் ஏறும். 1982-ல் பிரிட்டனில் வந்த சின்க்ளேர் ‘இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்’ இதில் ரொம்பப் பிரபலம். அதன் நினைவகம் அதிகபட்சம் 48 கே.பி. போனில் எடுக்கும் 3 எம்.பி. போட்டோ ஒன்றுக்குள் இதுபோல் 64 நினைவகங்கள் அடங்கிவிடும்! அந்த 48 கே.பி-யில்தான் ஒரு தலைமுறையே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டது.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. 1984-85-ல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற பள்ளிக் கம்ப்யூட்டர் திட்டத்தை ஆரம்பித்தது. முதலில் சுமார் 250 பள்ளிகள். அங்கே போனவை பிரிட்டனின் ‘பிபிசி மைக்ரோ’ கம்ப்யூட்டர்கள். அதே இயந்திரத்தை மொஹாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் இங்கேயே தயாரித்தது. புனேவின் டெசிபெல்ஸ் நிறுவனம் ஸ்பெக்ட்ரத்தை ‘டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்’ என்ற பெயரில் விற்றது. பிரிட்டனில் பழைய கம்ப்யூட்டர்களைப் பாதுகாக்க, பிளெட்ச்லி பார்க்கில் தனி அருங்காட்சியகமே இருக்கிறது. நம் யூனிகார்னுக்கு மிஞ்சியிருப்பது பள்ளி ஸ்டோர் ரூமும் வீட்டுப் பரணும்தான்.

எங்கே பழுதாகும்?

இந்த இயந்திரங்களைத் தேடிப்பிடித்து உயிர் கொடுப்பது இன்று உலகம் முழுக்க ஒரு பொழுதுபோக்கு. தேவை ஒரு மல்டிமீட்டர், ஒரு சால்டரிங் அயர்ன், நிறையப் பொறுமை.

முதல் விதி: கையில் கிடைத்ததும் பிளக்கில் செருகாதீர்கள். பிபிசி மைக்ரோவின் பவர் சப்ளையில் காகிதச் சுருளால் ஆன ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் இருக்கும். வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் அதன் மேலுறையில் விரிசல் விட்டு ஈரம் இறங்கிவிடும். கரன்ட் கொடுத்ததும் ‘டப்’ என்று வெடித்து, அறை முழுக்கப் புகை. பார்க்கிறவர்கள் ‘போச்சு’ என்று மூடி வைத்துவிடுவார்கள். பெரும்பாலும் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதே மதிப்பும் அதே பாதுகாப்புத் தரமும் உள்ள புதிய கெப்பாசிட்டரை மாற்றினால் போதும்.

ஸ்பெக்ட்ரத்தின் நோய் வேறு மாதிரி. அதன் முதல் 16 கே.பி. நினைவகம் எட்டு சிப்களால் ஆனது. அவற்றுக்கு ஒரே நேரத்தில் மூன்று மின்னழுத்தம் வேண்டும்: பிளஸ் 12, பிளஸ் 5, மைனஸ் 5 வோல்ட். மைனஸ் 5 மட்டும் நின்றுபோனால், மற்ற இரண்டும் சேர்ந்து சிப்பையே கொன்றுவிடும். அதனால், டி.வி. திரையில் வெறும் கோடுகள் தெரிந்தால் சிப்பைப் பிடுங்குவதற்கு முன்னால் இந்த மூன்றையும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். நோய் ஒரு சின்ன டிரான்சிஸ்டரில் இருக்கும். தண்டனை எட்டு சிப்களுக்குக் கிடைத்திருக்கும்.

மீதி 32 கே.பி-யில் ஒரு வேடிக்கை. விலையைக் குறைக்க, சின்க்ளேர் நிறுவனம் பாதி பழுதான சிப்களை மலிவாக வாங்கி, நல்ல பாதியை மட்டும் பயன்படுத்தியது. 40 வருஷம் கழித்தும் அந்த ‘பாதி’ சிப்கள் பல வேலை செய்கின்றன!

மஞ்சளாகிப்போன பிளாஸ்டிக்குக்கும் வழி உண்டு. ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்தால் வெளுக்கும். சேலத்து வெயிலுக்குக் கேட்கவா வேண்டும்! கையுறை, கண்ணாடி கட்டாயம். சில வருஷத்தில் மஞ்சள் திரும்பவும் எட்டிப்பார்க்கலாம்.

கேசட் தேய்ந்துபோயிருந்தால் கவலை வேண்டாம். அந்தப் புரோகிராமின் ஒலியை போனில் ஓடவிட்டு, இயர்போன் வயர் வழியே ஸ்பெக்ட்ரத்துக்குக் கொடுத்தால் ஏற்றிக்கொள்ளும். தாத்தா காலத்து இயந்திரத்துக்குப் பேரனின் போன் டேப் ரெக்கார்டராக வேலை பார்க்கும்.

புதிதாகவே கட்டலாம்

பழையது கிடைக்காதவர்கள் அதே சிப்களை வாங்கிப் புதிதாகவே கட்டுகிறார்கள். பிபிசி மைக்ரோவின் மூளையான 6502 சிப் 1975-ல் வந்தது. அதன் வாரிசை அமெரிக்க நிறுவனம் ஒன்று இன்றும் விற்கிறது. ஸ்பெக்ட்ரத்தின் மூளையான இசட்80-க்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1976-ல் பிறந்த அதன் அசல் வடிவத்தை நிறுத்தப்போவதாக 2024 ஏப்ரலில் ஸைலாக் அறிவித்தது. கடைசி ஆர்டர் அந்த ஜூனோடு முடிந்தது. ஆக, ஸ்பேர் சிப்புக்கு இனி ஓர் எல்லை உண்டு. உடைக்கப்படும் ஒவ்வொரு போர்டும் அந்தக் கையிருப்பில் ஒன்றைக் குறைக்கிறது.

உதிரிபாகத்துக்கு அலைய வேண்டுமே என்று தயங்க வேண்டாம். சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. ரோடு இரண்டுமே சேலத்திலிருந்து ஒரு நாளில் போய்வரும் தூரம்தான். கெப்பாசிட்டர், டிரான்சிஸ்டர், சாக்கெட்டெல்லாம் இன்றும் புழக்கத்தில் இருப்பவை.

எடைக்குப் போடும் முன்...

பழைய கம்ப்யூட்டர் கண்ணில் பட்டால் செய்ய வேண்டியவை இவை:

- இயந்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கும் பெயர், எண் தெரியும்படி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகார்ன், டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ் என்றிருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

- போர்டில் சில சிப்களின் முதுகில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பிய்க்காதீர்கள். அடியில் கண்ணாடி ஜன்னல் இருந்தால், வெயில் பட்டுப் பட்டே உள்ளே எழுதிய புரோகிராம் அழிந்துவிடும்.

- கேசட், ஃப்ளாப்பி, கையேடு எதையும் பிரித்துப் போடாதீர்கள். ஒரு பள்ளி ஆசிரியர் எழுதிய புரோகிராம் அந்த ஒரு கேசட்டில் மட்டுமே இருக்கலாம்.

- பழைய டி.வி., மானிட்டரைக் குழந்தைகள் திறக்கவே கூடாது. பிக்சர் டியூபில், அணைத்த பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

- சரிசெய்யவே முடியாது என்றால், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். செம்புக்காக வயரை எரித்தால் அந்த விஷப்புகை அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் மூச்சில்தான் கலக்கும்.

பழைய லாரிக்குப் புது பாடி கட்டி இந்தியா முழுக்க ஓடவிடும் ஊர்க்காரர்களுக்கு, ஒரு டிரான்சிஸ்டர் மாற்றுவது பெரிய வேலையா என்ன? பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூம் பூட்டை ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.