பறக்கும் ரயிலுக்கு யார் பொறுப்பு?

சென்னையில் ஐந்து ரூபாய்க்கு இன்று ஒரு டீகூடக் கிடைக்காது. அதே ஐந்து ரூபாய்க்குப் பறக்கும் ரயிலில் சேப்பாக்கத்தில் ஏறித் திருமயிலையில் இறங்கலாம். பாரிமுனைக் கடைகளுக்கு வேலைக்குப் போவோர், வீட்டு வேலை செய்யும் பெண்கள், கல்லூரி மாணவர்கள், டைடல் பார்க்கைச் சுற்றியுள்ள அலுவலகங்களின் ஊழியர்கள் எனப் பலதரப்பட்டவர்களும் நம்பியிருக்கும் தடம் இது. ஆனாலும் நகரத்திலேயே கேட்பாரற்றுக் கிடப்பது இதன் நிலையங்கள்தான்.

கடற்கரை முதல் சேப்பாக்கம் வரை 1995-ல் ஓடத் தொடங்கிய ரயில், 1997-ல் திருமயிலையையும் 2004-ல் திருவான்மியூரையும் 2007-ல் வேளச்சேரியையும் தொட்டது. சுமார் 19 கிலோமீட்டருக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.

நிலையங்களோ கல்யாண மண்டபங்களைவிடப் பெரியவை. கடைகளும் அலுவலகங்களும் வரும் என்று கட்டிப்போட்ட தளங்கள் பல இடங்களில் காலியாகவே கிடக்கின்றன. ஆள் நடமாட்டம் இல்லாத தளத்தில் விளக்கும் எரியாவிட்டால், இரவு எட்டு மணிக்கு மேல் தனியாக இறங்கும் பெண்ணுக்கு எப்படி இருக்கும்? பிளாட்பாரம் இருப்பதோ உயரத்தில். லிப்ட் ஓடாத நாளில் மூட்டுவலிக்காரர்கள் படிப்படியாக நின்று நின்றுதான் ஏற வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். பூட்டிய கழிப்பறை, நகராத எஸ்கலேட்டர் என்று பயணிகள் வருடக்கணக்காகப் புகார் சொல்லி அலுத்துவிட்டார்கள்.

நிலையங்களில் கூட்டம் சேராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தடத்தின் பெரும்பகுதி பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியே போகிறது. நிலம் எடுக்கும் வேலை குறைந்தது. பயணிக்கு வந்த இடைஞ்சல் என்னவென்றால், பல நிலையங்கள் பேருந்து போகும் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. பெருங்குடி நிலையத்தில் இறங்கி ஓ.எம்.ஆருக்குப் போகிறவர் ஆட்டோவுக்குக் கொடுப்பது ரயில் டிக்கெட்டைப் போலப் பல மடங்கு.

ஏழு மாதம் என்றார்கள்

கடற்கரை - எழும்பூர் நான்காவது ரயில் பாதைப் பணிக்காக 2023 ஆகஸ்ட் 27 முதல் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயிலை நிறுத்தினார்கள். ஏழு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ரயில் திரும்ப ஓடியது 2024 அக்டோபர் 29-ல். பதினான்கு மாதங்கள்! அதுவரை பயணிகள் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கிப் பேருந்தும் ஷேர் ஆட்டோவும் பிடித்து அல்லாடினார்கள். வேலை தேவையானதுதான், தாமதத்தின் செலவு மட்டும் முழுக்கப் பயணியின் பையிலிருந்து போனது.

விரிவாக்கத்தின் கதையும் இதேதான். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர். 2008-ல் பணி தொடங்கியது. ஆதம்பாக்கம் பக்கம் சுமார் 500 மீட்டர் நிலத்துக்கான இழப்பீட்டுத் தகராறு நீதிமன்றம் ஏறியதில், பத்து ஆண்டுகளுக்கு மேல் தூண்கள் பாதியில் நின்றன. 495 கோடி ரூபாய் மதிப்பீடு 734 கோடி ஆனது. புறநகர் ரயில், மெட்ரோ, பறக்கும் ரயில் மூன்றும் கைகோக்கும் இடம் பரங்கிமலை. தாம்பரம் பக்கத்திலிருந்து தரமணிக்கு வேலைக்கு வருபவர் நகரத்தைச் சுற்றாமல் வர உதவும் இணைப்பு அது. அங்கே வந்து சேருபவரை இருட்டு நிலையங்களுக்குள் அனுப்பினால் போட்ட பணத்துக்கு என்ன பலன்?

யாரைக் கேட்பது?

தண்டவாளமும் ரயிலும் ரயில்வேயிடம். வேளச்சேரி வரையிலான இரண்டாம் கட்டத்தின் செலவில் பெரும்பங்கு மாநில அரசுடையது. மொத்தத்தையும் மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பேச்சு பல ஆண்டுகளாக நடந்து, 2025-ல்தான் ரயில்வே வாரியம் கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. நல்ல முடிவு. ஆனால் கைமாறப்போகும் வீட்டுக்கு யார் வெள்ளையடிப்பார்கள்? 'எப்படியும் மெட்ரோவுக்குப் போகப்போகிறது' என்று ஒரு தரப்பும் 'இன்னும் எங்களிடம் வரவில்லை' என்று இன்னொரு தரப்பும் சொல்ல இடம் இருக்கும்வரை, பழுதான லிப்ட் பழுதாகவே நிற்கும்.

ஆகவே சில வேலைகளுக்கு ஒப்படைப்பு வரை காத்திருக்கக் கூடாது. விளக்கு, கழிப்பறை, லிப்ட், இரவுக் காவல் ஆகியவற்றுக்கு ரயில்வேயும் மாநில அரசும் இப்போதே பொதுவாகப் பணம் ஒதுக்கி, பொறுப்பான ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் அவருடைய தொலைபேசி எண் தெரிய வேண்டும். தரமணி, பெருங்குடி போன்ற நிலையங்களின் வாசலிலிருந்தே ரயில் நேரத்தை ஒட்டி மாநகரச் சிற்றுந்து ஓட வேண்டும். காலை, மாலை நெரிசல் நேரத்தில் ரயில்களைக் கூட்ட வேண்டும்.

பஸ், ரயில், மெட்ரோ எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கத்தான் 'கும்டா' என்ற ஆணையத்துக்கு 2010-லேயே சட்டம் வந்தது. மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் எடுக்கும் வசதி 2025-ல் வந்துவிட்டது. டிக்கெட்டை இணைத்தவர்கள் கால அட்டவணையையும் இணைக்கட்டும்.

மெட்ரோவிடம் போனால் கட்டணம் ஏறிவிடுமோ என்ற பயம்தான் எல்லாவற்றையும்விடப் பெரியது. மெட்ரோவில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய், இங்கே 5. குளிர்சாதனப் பெட்டியும் பளபளக்கும் நிலையமும் வரட்டும், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்றைய சாதாரணக் கட்டணமும் சீசன் டிக்கெட்டும் தொடரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். கூடுதல் செலவை அரசு மானியமாகத் தரட்டும். நிலையங்களின் காலித் தளங்களை வாடகைக்கு விட்டும் ஈட்டலாம். கடைகள் வந்தால் ஆள் நடமாட்டமும் தானாக வரும்.

ஒப்படைப்பு எந்தத் தேதியில், அதுவரை பராமரிப்பு யார் பொறுப்பில், அதன் பிறகு கட்டணம் எவ்வளவு? இந்த மூன்றுக்கும் ரயில்வேயும் தமிழக அரசும் கையெழுத்திட்டு எழுத்தில் பதில் தர வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே, பயணிகள் அதைப் படித்துக் கருத்துச் சொல்லும்படி வெளியிடவும் வேண்டும்.