அலையும் மனத்துக்கு ஒரு சங்கிலி

நான் சிறுவனாயிருந்த நாளில், கட்டுகஸ்தோட்டையில் மகாவலி ஆற்றிலே யானைகள் நீராடுவதைக் காணத் தந்தையார் என்னை அழைத்துச் செல்வதுண்டு. நீரிற் சாய்ந்து கிடக்கும்போதும் யானையின் துதிக்கை சும்மா இராது. புல்லைப் பறிக்கும், மணலைத் துழாவும், பாகனின் தோளைத் தடவும். கரையேறி வீதியால் திரும்பும்போதோ, தன் சங்கிலியைத் தானே துதிக்கையிற் சுமந்துகொண்டு செல்லும். கடைவாசலில் வாழைக்குலை தொங்கினாலும் அதன்பால் துதிக்கை நீளாது. இக்காட்சியின் பொருள் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் சென்றன.

சில ஆண்டுகளுக்கு முன், நோயுற்றிருந்த என் அன்னையாரின் கட்டிலருகே ஒரு மாலை அமர்ந்திருந்தேன். கையிலே தொலைபேசி. மாணவர் ஒருவரின் செய்தியைப் பார்க்கவே எடுத்தேன். அதிலிருந்து வேறொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று நீண்டுகொண்டே போயிற்று. அம்மா ஏதோ சொன்னார். "என்னம்மா?" என்று தலை நிமிர்ந்தேன். "ஒண்டுமில்லை, தம்பி" என்றார். அடுத்த மாதம் அவர் மறைந்துவிட்டார். தலையணையைச் சற்று உயர்த்தச் சொன்னாரோ, வேறெதுவும் சொன்னாரோ, அறியேன்.

அதன் பின்னரே, சிதறும் மனத்தைப் பற்றிப் பெரியோர் கூறியவற்றைத் தேடிப் படிக்கலானேன். நான் சைவன், ஆகவே நம் நூல்களைத்தான் முதலில் எடுத்தேன். ஆயினும் எனக்குப் பெரிதும் கைகொடுத்த செய்தி அயல்வீட்டிலிருந்து வந்தது. மகாவலிக் கரையில் நிற்கும் புனித அந்தோனியார் கல்லூரியை அறியாதார் கண்டிப் பகுதியில் இல்லை. 1854இல் அதனைத் தோற்றுவித்தவர்கள் பெனடிக்ற் சபைத் துறவிகள். முத்தையா முரளிதரன் சிறு பிள்ளையாய்ப் பந்து வீசப் பழகியதும் அங்கேதான். டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகள் எடுத்த அந்தக் கையின் ஒருமுகப்பாட்டை மாணவர்க்கு நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவேன். அத்துறவிகளின் கிளைச்சபை 1231இல் இத்தாலியிலே ஒரு மலையில் தோன்றி, 1845இல் இலங்கைக்கு வந்தது. அவர்கள் கைக்கொள்ளும் ஒழுங்குநூலோ அதனினும் பழையது. தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று போற்றும் புனித பெனடிக்ற் 6ஆம் நூற்றாண்டில் வகுத்தது அது.

கவனச் சிதறல் தொலைபேசியோடு பிறந்த நோய் என்று நினைத்திருந்த எனக்கு, அந்நூலும் அதற்கு முந்திய நூல்களும் வியப்பளித்தன. 399இல் மறைந்த எவாகிரியஸ் என்பவர் எகிப்தியப் பாலைவனத்தில் தவம் புரிந்தவர். குடிலில் இருக்கும் துறவியை நண்பகலில் எவ்வாறு சோர்வு பற்றுகின்றது என்பதை அவர் எழுதியிருக்கிறார். பகல் ஐம்பது மணி நேரம் நீள்வதுபோல் அவனுக்குத் தோன்றுகிறதாம். சாளரத்தையே பார்க்கிறான், வெளியே வந்து, உணவு வேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று சூரியனை நோக்குகிறான், யாரேனும் வருகிறாரா என்று அங்குமிங்கும் பார்க்கிறான். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனைப் படிப்பு மேசையில் அமர்த்திவிட்டுக் கதவிடுக்கால் பாருங்கள். அதே துறவி அங்கே இருப்பான். பெனடிக்ற் இதனை நன்கு அறிந்தவர். படிக்கும் வேளையில் எவரேனும் வீண்பேச்சில் இருக்கிறாரா என்று பார்க்க மூத்தோர் ஓரிருவர் மடத்தைச் சுற்றி வரவேண்டும் என்று விதித்திருக்கிறார். நம் விடுதி மேற்பார்வையாளரின் முன்னோர் அவர்களே போலும்!

ஆனால் என்னைத் தைத்தது வேறொரு விதி. வழிபாட்டுக்கு அழைக்கும் ஒலி கேட்டவுடன், கையில் உள்ளது எதுவாயினும் விட்டுவிட்டு எழுந்து செல்லவேண்டும். அவருக்கு முந்திய யோவான் காசியன், எகிப்தியத் துறவியரைப் பற்றிச் சொல்வது இதனினும் நுட்பமானது. ஏடெழுதிக் கொண்டிருப்பவர், தொடங்கிய எழுத்தைக்கூட முடிக்காமல் எழுந்துவிடுவாராம். ஒரு சொல்லையல்ல, ஓர் எழுத்தை! "இதோ, இதை மட்டும் முடித்துவிட்டு" என்பதல்லவா அம்மாவின் கட்டிலருகே என்னைக் கட்டிப்போட்டது?

எழுந்து சென்றால் மட்டும் மனம் நின்றுவிடுமா? நிற்காது. அதற்கும் காசியன் வழி கூறுகிறார். ஈசாக் என்னும் முதிய துறவி கற்பித்த முறை அது. இறைவா, விரைந்து எனக்குத் துணைசெய் என்ற கருத்துடைய சங்கீத வரி ஒன்றை உண்ணும்போதும் உறங்கப் போகும்போதும் ஓயாது நினைந்துகொண்டிருத்தல். அவ்வரி சங்கீதம் 70இன் தொடக்கம். பகல் வழிபாடுகளை அதனைக் கொண்டே தொடங்கவேண்டும் என்று பெனடிக்ற் விதித்தார். இன்றும் அத்துறவிகள் அவ்வாறே தொடங்குகின்றனர். இதைப் படித்தபோதுதான் மகாவலி யானை என் நினைவுக்கு வந்தது. ரமண மகரிஷியும் 'நான் யார்?' என்ற சிறு நூலில், ஒரு நாமத்தையோ உருவத்தையோ பற்றிய மனத்துக்குத் துதிக்கையிற் சங்கிலி பிடித்த யானையையே உவமை காட்டியிருக்கிறார்.

இரண்டும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் என் கிறிஸ்தவ நண்பர்கள் ஒப்பமாட்டார்கள். அவர்களுக்கு அந்த வரி மனத்தை அடக்கும் உபாயமன்று. கேட்கும் ஒருவரை நோக்கிய கூப்பாடு. என் மனத்தை என்னால் ஆள முடியவில்லை என்ற ஒப்புதல் அதில் இருக்கிறது. வைராக்கியத்தால் வென்றுவிடலாம் என்று பல தைப்பூசங்களில் உறுதி பூண்டு, பங்குனி பிறக்குமுன் தோற்றவன் நான். ஆதலால் அந்த ஒப்புதலின் பெறுமதி எனக்குத் தெரியும்.

என் வாயில் வருவது ஐந்தெழுத்துத்தான். ஆனால் எழுத்தை முடிக்காமல் எழும் பழக்கத்தை அந்தத் துறவிகளிடமிருந்தே கடன் வாங்கினேன். மாலை ஆறு மணிக்குத் தொலைபேசி சமையலறைத் தட்டுக்குப் போய்விடும். முதல் வாரத்தில் கை தானாகவே சட்டைப் பையைத் தடவியது, துதிக்கைதான்.

நேற்று ஆறு மணிக்குச் சற்று முன்னர், கல்லூரி அலுவலாக ஒரு செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். மகள் வந்து, "அப்பா, இண்டைக்குப் பள்ளிக்கூடத்தில…" என்று தொடங்கினாள். சொல் பாதியில் நிற்க, தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். அவள் கதை முடிய முக்கால் மணி நேரமாயிற்று. அதிற் பெரும்பகுதி காணாமற்போன ஒரு பென்சிலைப் பற்றியது.