எவர் நாட்காட்டியில் இன்று?

கூடத்துச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் முந்தின நாளின் தாளைக் கிழித்து, ராகு காலமும் எமகண்டமும் பார்த்து, ஆறிக்கொண்டிருக்கும் காப்பியை நான் கையில் எடுப்பதற்குள், எதிர்வீட்டுச் சிறுமி வாசலில் வந்து நின்றுவிடுவாள். எட்டாம் வகுப்பில் படிக்கும் அந்தக் குழந்தைக்குச் சென்ற ஆண்டு ஓர் உத்தியோகம் வாய்த்தது. பள்ளிக்கூட வாசலில் இருக்கும் கரும்பலகையில் ‘வரலாற்றில் இன்று’ என்ற தலைப்பின் கீழ் நாள்தோறும் ஒரு கேள்வி எழுதிவைக்க வேண்டும். அவளுக்கு வாய்த்தது என்றால் எனக்கு வாய்த்தது என்றே அர்த்தம்.

ஆரம்பத்தில் வேலை சுலபமாகத்தான் இருந்தது. ஜூலை 10 என்றால் 1806-ஆம் ஆண்டில் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் எழுந்த கதை இருக்கிறது. ஜூலை 14 என்றால் 1789-இல் பாரிஸ் ஜனங்கள் பாஸ்டில் சிறையைப் பிடித்த கதை இருக்கிறது. இப்படியே போய்க்கொண்டிருந்த காலத்தில் செப்டம்பர் 11 வந்து சேர்ந்தது. 1893-ஆம் ஆண்டு அதே தினத்தில் சிகாகோ சர்வமத மகாசபையில் விவேகானந்தர் பேசியதைக் கேட்டு வைத்திருந்தால் ஒரு வம்பும் வந்திராது. நானோ, நம் கவியை விட்டுவிட்டு அமெரிக்கா போவானேன் என்று எண்ணி, ‘1921-இல் இந்த நாளில் மறைந்த மகாகவி யார்?’ என்று எழுதச் சொன்னேன். மாலையில் குழந்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். “தாத்தா, டீச்சர் பதினொன்றை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று போட்டுவிட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள்” என்றாள்.

அந்த ஆசிரியை சொன்னதிலும் பிழையில்லை, நான் சொன்னதிலும் பிழையில்லை என்பதை அவளுக்கு விளக்க எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. திருவல்லிக்கேணி வீட்டில் பாரதியாரின் உயிர் பிரிந்தபோது நள்ளிரவு கடந்துவிட்டிருந்தது. நள்ளிரவில் தேதி மாறுகிறது என்னும் ஆங்கிலக் கணக்குப்படி அது பன்னிரண்டாம் தேதி. சூரியோதயத்திலிருந்து மறு சூரியோதயம் வரையில் ஒரே நாள் என்று கொள்ளும் நம் பஞ்சாங்கக் கணக்குப்படி, விடியாத அந்த இரவு பதினொன்றாம் தேதியையே சேர்ந்தது. விழா மேடைகளிலும் புத்தகங்களிலும் இரண்டு தேதிகளும் இன்றுவரை அடுத்தடுத்த ஆசனங்களில் அமர்ந்திருக்கின்றன. சிரார்த்தம் செய்கிறவர்களுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. அவர்களுக்கு வேண்டியது திதி.

குழந்தை சமாதானம் அடைந்தாளோ இல்லையோ, எனக்கு அன்று முதல் ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. எந்தத் தேதியைப் பார்த்தாலும் ‘எவர் கணக்கில்?’ என்று கேட்கத் தோன்றியது. பத்து நாள் கழித்து, செப்டம்பர் 21 அன்று, 1746-இல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரரான லா போர்தொனேயிடம் சரணடைந்ததைப் பற்றிக் கேட்கலாம் என்று எடுத்தால், ஆங்கிலேயர் அந்நாளில் எழுதி வைத்த கணக்கிலோ அது செப்டம்பர் 10! முற்றுகையிட்டவனுக்கு ஒரு தேதி, முற்றுகைக்குள் கிடந்தவனுக்கு வேறொரு தேதி. நடுவே பதினொரு நாள். இவர்கள் இருவருக்கும் அப்பால், புதுச்சேரியில் உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஆனந்தரங்கப் பிள்ளையோ, ஐரோப்பியத் தேதியையும் போட்டு, பக்கத்திலேயே தமிழ் வருஷத்தையும் மாதத்தையும் தேதியையும் கிழமையையும் எழுதிவைக்கும் வழக்கமுடையவர். அவர் கணக்கில் அது அட்சய வருஷத்துப் புரட்டாசி. மூவரில் நாளை விட்டுவிடாமல் பிடித்துவைக்கத் தெரிந்தவர் பிள்ளைதான் என்பது என் துணிபு.

இந்தப் பதினொரு நாள் எங்கிருந்து முளைத்தது? ஜூலியஸ் சீசர் வகுத்துக் கொடுத்த வருஷம் சூரியனுடைய வருஷத்தைவிட ஏறக்குறைய 11 நிமிஷம் நீளமானது. நிமிஷம் என்று அலட்சியமாக விட்டது நூற்றாண்டுகளில் நாட்களாகச் சேர்ந்துவிடவே, 1582-ஆம் ஆண்டில் போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரெகோரி அக்டோபர் 4-க்கு மறுநாளை அக்டோபர் 15 என்று விதித்துப் பத்து நாளை வெட்டி எறிந்தார். ஸ்பெயின் தேசத்தில் அவிலாவின் தெரேசா அம்மையார் காலமானது சரியாக அந்த இரவில். நாலாம் தேதி இரவு மறைந்தவரை மறுநாள் அடக்கம் செய்தபோது தேதி பதினைந்து. அவருடைய திருநாளும் பதினைந்திலேயே நிலைத்துவிட்டது. பாரதியாருக்கு ஒரு நாள் தகராறு என்றால், அந்த அம்மையாருக்குப் பதினொன்று!

போப்பாண்டவர் சொன்னதைக் கேட்பதா என்று ஆங்கிலேயர் 170 வருஷம் முரண்டு பிடித்து, பத்து நாள் வித்தியாசம் பதினொன்றாக வளர்ந்த பிறகு, 1752-இல்தான் இறங்கிவந்தார்கள். செப்டம்பர் 2 புதன்கிழமை படுத்தவர்கள் எழுந்தது செப்டம்பர் 14 வியாழக்கிழமை. ருஷ்யர்களின் பிடிவாதம் இன்னும் பெரிது. அவர்களுடைய அக்டோபர்ப் புரட்சியின் ஆண்டு விழா நவம்பர் 7-இல் வந்த வேடிக்கை அதனால் விளைந்தது. ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிஸும் 1616 ஏப்ரல் 23 என்ற ஒரே நாளில் மறைந்ததாக வினாடி வினாக்காரர்கள் உருகுவதும் இந்த வகைதான். தேதி ஒன்றாக இருக்கலாம், நாள் ஒன்றல்ல.

இதையெல்லாம் குழந்தை காதில் வாங்கிக்கொண்டாளா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. இந்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று அவள் என்னைத் தேடி வரவே இல்லை. ஆசிரியர் தினமாயிற்றே, 1888-இல் பிறந்த ராதாகிருஷ்ணனைப் பற்றிக் கேட்பதற்குத் தாத்தா எதற்கு என்று நானும் நிம்மதியாகக் காப்பியைக் குடித்தேன். மாலையில் விசாரித்தபோதுதான் தெரிந்தது, பலகையில் அவள் எழுதியிருந்தது இது: ‘1752-ஆம் ஆண்டு இதே நாளில் லண்டனில் என்ன நடந்தது?’

ஆசிரியை உட்பட ஒருவருக்கும் விடை தெரியவில்லையாம். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மாத்திரம், “எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்” என்று குறும்பாகச் சொன்னானாம்.

“அவனுக்குப் பாதி மார்க் போட்டேன், தாத்தா” என்றாள்.