மாட்டு டாக்டரிடம் என்ன கேள்வி கேட்பது?



"மாட்டு டாக்டர்" என்றாலே நம் வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். சரியாக வைத்தியம் தெரியாத டாக்டரைக் கிண்டல் செய்யவும் இந்தச் சொல்லைத்தான் எடுக்கிறோம். ஆனால் "எங்கே வலிக்குது?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாத நோயாளிக்கு வைத்தியம் பார்ப்பவர் அவர். அப்படிப்பட்டவரை வேலைக்கு எடுக்கும்போது எப்படி எடுக்க வேண்டும்? மெக்கானிக்கல் படிக்கிற உனக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு குழித்தறியும் ஒரு மாடும் உண்டு. முதலாளி பாவு கொடுக்காத மாதங்களில் தறி சும்மா கிடக்கும். மாடு சும்மா இருக்காது. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். "அப்பா கூலி வயித்துக்கு, பால் காசு உன் படிப்புக்கு" என்று அம்மா சொல்லும்.

நான் பத்தாவது படிக்கும்போது, கன்று ஈன்ற மறுநாள் அந்த மாடு படுத்துவிட்டது. தலையை விலாப்பக்கம் மடக்கிக்கொண்டு கிடந்தது. அவசரத்துக்கு, பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக ஊசி போடும் ஒருவரைக் கூப்பிட்டோம். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பாட்டில் மருந்தை மளமளவென்று நரம்பில் ஏற்றினார். மாடு ஒருமுறை உதறியது. அவ்வளவுதான்!

அது பால் காய்ச்சல் என்பது பின்னால்தான் தெரிந்தது. பெயர்தான் காய்ச்சல், உடம்பு சுடாது. காது சில்லிட்டுப் போகும். கன்று ஈன்றதும் பால் சுரக்கும் வேகத்தில் இரத்தத்தில் கால்சியம் குறைந்துவிடுவதால் வருவது. கால்சியம் ஏற்றினால் பல மாடுகள் சற்று நேரத்தில் எழுந்து நின்றுவிடும். ஆனால் இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாக ஏறினால் இதயமே நின்றுபோகும். அம்மாவின் தோடு அடகுக்குப் போய்த்தான் அடுத்த மாடு வந்தது.

இந்தக் கதை மனதில் இருந்ததால், சென்ற விடுமுறையில் ஒரு தனியார் கால்நடை கிளினிக்கில் டோக்கன் எழுதும் வேலை கிடைத்ததும் ஓடிப்போய்ச் சேர்ந்தேன். அங்கே இருந்த பெரிய டாக்டருக்கு வயதாகிவிட்டது. கூட ஒரு டாக்டர் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தார்கள். மூன்று பேர் வந்தார்கள். பெரிய டாக்டரும், பணம் போட்ட பங்குதாரரும் மேசைக்கு அந்தப் பக்கம். நான் டீத் தட்டோடு கதவோரம்.

பங்குதாரர் எல்லோரிடமும் கேட்டது: எந்தக் காலேஜ்? எத்தனை மார்க்? எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள்? பெரிய டாக்டர் கேட்டது ஒரே கேள்வி. "ஒரு மாடு படுத்துக்கிச்சு, எழுந்திருக்கல. என்ன பண்ணுவீங்க?"

முதலில் வந்தவர் உடனே கால்சியம் என்றார், அளவையும் மளமளவென்று சொன்னார். இரண்டாமவர் மாடு படுப்பதற்கான காரணங்களைப் புத்தகத்தில் உள்ளபடி வரிசையாக ஒப்பித்தார். மூன்றாவதாக வந்தது ஒரு டாக்டரம்மா. அவர் பதிலே சொல்லவில்லை. திருப்பிக் கேட்டார்: "கன்னு போட்டு எத்தனை நாள் ஆச்சு சார்? எத்தனாவது ஈத்து? காது சில்லுனு இருக்கா? நடுவுல யாராவது ஊசி போட்டாங்களா?"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் வீட்டு வாசலில் அன்று யாராவது இந்த நாலு கேள்வியைக் கேட்டிருந்தால்...!

ஆனால் பங்குதாரர் அவரிடம் கேட்டது வேறு. "கல்யாணம் ஆயிடுச்சாமா? ராத்திரி பத்து மணிக்கு போன் வந்தா போவியா? மாட்டை அடக்க முடியுமா?" அவர் போன பிறகு பெரிய டாக்டர் சொன்னார்: "மாட்டை அடக்க மூக்கணாங்கயிறு இருக்குய்யா. நமக்கு வேண்டியது டாக்டரு." எடுபடவில்லை. பணம் போட்டவர் சொல் நின்றது. முதலில் வந்தவரை எடுத்தார்கள். ஆறு வாரத்தில் அவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் மேல் குற்றமில்லை. இரவு வேலை உண்டு, தினமும் கிராமங்களுக்குப் போக வேண்டும் என்று யாரும் அவரிடம் முன்னால் சொல்லவேயில்லை!

அரசாங்கம் ஆள் எடுப்பது வேறு கதை. 2019-இல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 1141 கால்நடை உதவி மருத்துவர் பணியிடங்களுக்கு விளம்பரம் கொடுத்தது. முதலில் எழுத்துத் தேர்வு, பிறகு நேர்முகத் தேர்வு. அத்தனை பேரையும் மாட்டின் அருகில் நிறுத்திப் பார்க்க முடியாது என்பது நியாயம். ஆனால் மூன்று பேரை மட்டும் பார்க்கிற ஒரு கிளினிக்குக்கு என்ன கஷ்டம்?

எங்கள் தெருவில் புதிதாக ஒருவரைத் தறியில் உட்கார வைப்பதற்கு முன் மார்க் கேட்க மாட்டார்கள். அறுந்த பாவு இழையைக் காட்டி, "முடிச்சுப் போடு பார்க்கலாம்" என்பார்கள். விரலைப் பார்த்தே தெரிந்துவிடும். நம் வொர்க்‌ஷாப் பரீட்சையும் அப்படித்தானே? வைவாவில் மட்டும் வெளுத்து வாங்கிவிட்டு, லேத்தில் வேலையைக் கெடுத்தால் விடுவார்களா?

ஆகவே, கால்நடை டாக்டரை வேலைக்கு எடுப்பவர்களுக்கு என் தாழ்மையான கருத்துகள்:

முதலாவது, பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். 1984-ஆம் ஆண்டு இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பட்டம் பெற்று மன்றத்தில் பதிவு செய்தவரே வைத்தியம் பார்க்கலாம். டிப்ளமா படித்தவர்கள், மாநில அரசு அனுமதித்த சிறு சிகிச்சைகளை, பதிவு பெற்ற டாக்டரின் மேற்பார்வையில்தான் செய்யலாம். டிப்ளமாக்காரர்களான நமக்கும் இதில் பாடம் உண்டு. நம் எல்லை தெரிந்து செய்கிற வேலைக்குத்தான் மரியாதை.

இரண்டாவது, அரை நாளாவது மாட்டின் அருகில் நிறுத்திப் பாருங்கள். மாட்டைத் தொடுவதையும், மாட்டுக்காரம்மாவிடம் பேசுவதையும் சேர்த்துப் பாருங்கள். காலையிலிருந்து அசை போடவில்லை என்பது அந்தம்மாவுக்குத்தானே தெரியும்?

மூன்றாவது, "உங்களுக்குத் தெரியாத நோய் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். எல்லாம் தெரியும் என்பவரை எடுக்காதீர்கள்.

நான்காவது, சம்பளம், இரவு வேலை, வண்டி, துணைக்கு ஆள் எல்லாவற்றையும் முதலிலேயே உண்மையாகச் சொல்லுங்கள். இரவில் வண்டியும் துணையும் ஆண் டாக்டருக்கும் வேண்டும், பெண் டாக்டருக்கும் வேண்டும்.

பெண்ணால் முடியுமா என்ற கேள்வி இன்னுமா? சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. அங்கே 1952-இல் பட்டம் பெற்ற சக்குபாய் ராமச்சந்திரன் நாட்டின் முதல் பெண் கால்நடை மருத்துவர்களில் ஒருவர். எழுபது வருடத்துக்கு முன்பே விடை வந்துவிட்ட கேள்வியை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். "மெக்கானிக்கல்ல பொண்ணா? ஸ்பேனர் புடிப்பியா?" என்று என்னையும் கேட்கிறார்கள்.

நண்பர்களே! அன்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு டீத் தட்டோடு பேசாமல் நின்றேன். "சார், அந்தக் கேள்வியைக் கேட்காததால்தான் எங்க மாடு செத்துச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மட்டும் மாறியிருக்குமா, தெரியாது. ஆனால் சொல்லாதது இன்னும் உறுத்துகிறது.

இன்னும் சில மாதத்தில் நாமும் கேம்பஸ் இன்டர்வியூவில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்காரப் போகிறோம். ஒருநாள் அந்தப் பக்கமும் உட்காருவோம். அன்று நம் முன்னால் வந்து நிற்பவரிடம் சரியான கேள்வியைக் கேட்போமா? இப்போதே சிந்திப்போம்!

— மூன்றாம் ஆண்டு மாணவி, இயந்திரவியல் துறை