தோல் இல்லாத முழவு

என் மகன் பத்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் டிரம்ஸ் கற்றுக்கொள்ள வேண்டும் என்றான். தா.பழூரில் எங்கள் தெரு சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் கொண்டது. ஒரு பக்கத்து வீட்டில் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பெண். மறுபக்கத்தில் தூக்கம் வராத முதியவர். டிரம்ஸ் வந்து இறங்கினால் இரண்டே நாளில் தெரு முழுவதும் என் வாசலில் நிற்கும். அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். கணினியின் கேமராவுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு குச்சிகளைக் காற்றில் வீசுகிறான். திரையில் தெரியும் டிரம்ஸில் அடி விழுகிறது. ஒலி ஹெட்போன் வழியே அவனுக்கு மட்டும் கேட்கிறது. கூடத்தில் இருக்கும் எனக்குக் குச்சி காற்றை அறுக்கும் ஓசையும் அவன் பாதம் தரையில் தட்டும் ஓசையும்தான்.

இந்த வகை மென்பொருள்களில் பெயர் பெற்ற ஒன்று ஏரோட்ரம்ஸ். அதில் குச்சிகளின் நுனியில் ஒளியைத் திருப்பி அனுப்பும் சிறு உருண்டைகள் இருக்கும். பாதங்களிலும் அவ்வாறே ஒளிரும் பட்டைகள். கேமராவை ஒட்டி ஒரு விளக்கு. உருண்டைகள் எந்த வேகத்தில் இறங்குகின்றன, எந்த இடத்தில் திரும்புகின்றன என்று கணித்து மென்பொருள் ஒலியை எழுப்புகிறது. மெல்ல வீசினால் மெல்லொலி, ஓங்கி வீசினால் பேரொலி. இதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிக்காக 2007இல் வந்த கேமராவை. விலை குறைவு, நொடிக்கு நூற்றுக்கு மேற்பட்ட படங்களையும் பிடிக்கும். இன்று உருண்டையும் விளக்கும் இல்லாமல், சாதாரண வெப்கேம் கொண்டே கைகளை அடையாளம் காணும் நிரல்கள் வந்துவிட்டன. என் மகன் பயன்படுத்துவது அப்படிப்பட்ட ஒன்று.

ஆனால் சாதாரண கேமரா நொடிக்கு 30 படங்கள்தான் பிடிக்கும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே ஏறக்குறைய 33 மில்லி நொடி. நிமிடத்துக்கு 120 தட்டுகள் கொண்ட நடையில், தட்டுக்கு நான்கு அடி வீதம் வாசித்தால் ஓர் அடிக்கும் மற்றோர் அடிக்கும் இடையில் இருப்பதே 125 மில்லி நொடி. அதில் கால் பங்கைக் கேமராவே தின்றுவிடுகிறது. "லேட்டா கேக்குதுப்பா" என்று அவன் முனகுவதன் பொருள் இதுதான்.

ஒலியில்லாத சாதகம் நமக்குப் புதிதன்று. தவிலும் மிருதங்கமும் பயில்வோர் பாடத்தை வாயால் சொல்லி, கையால் தாளமிட்டு மனத்தில் ஏற்றிக்கொள்வதுண்டு. அந்தச் சொற்கட்டே கொன்னக்கோல் என்ற பெயரில் தனியொரு மேடைக் கலையாகவும் வளர்ந்தது. பேருந்து ஜன்னலோரம் அமர்ந்து தொடையில் விரலோட்டம் பழகும் வித்துவான்களை நம்மில் பலரும் பார்த்திருப்போம். கணக்கு மனத்திலும் விரலிலும் குடியேறக் கருவி அருகில் இருக்க வேண்டியதில்லை. அந்த அளவில் கேமராவோடு எனக்கு வழக்கு எதுவும் இல்லை.

வழக்கு தோலைப் பற்றியது. இழுத்துக் கட்டிய தோல் குச்சியை வாங்கிக்கொள்வதோடு நிற்பதில்லை, திருப்பி அனுப்புகிறது. விரைந்த நடையில் பாதி வேலையைத் தோல்தான் செய்கிறது. அதன் எதிர்விசையை எதிர்பார்த்து மணிக்கட்டைத் தளர்த்துவதே கைப்பழக்கத்தின் சூட்சுமம். காற்றில் அடிப்பவனோ இறக்குவது, நிறுத்துவது, ஏற்றுவது மூன்றையும் தன் தசையாலேயே செய்தாக வேண்டும். தோலுக்குப் பருவமும் உண்டு. ஈரக்காற்றில் தளர்ந்த பறையைத் தீயில் காய்ச்சி, தட்டிப் பார்த்து, மீண்டும் காய்ச்சி எடுப்பவர் தம் காதையும் சேர்த்தே பழக்குகிறார். திரையில் உள்ள தோல் எந்த மழையிலும் தளர்வதில்லை.

இந்த இடத்தில் என் கருத்து முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். வகுப்பில் நடந்த ஒன்று அதை மாற்றியது.

அன்று சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. ஆடலாசிரியன், இசையாசிரியன் வரிசையில் தண்ணுமை ஆசிரியனின் இலக்கணத்தை இளங்கோ சொல்லும் பகுதி. பிற இசைக்கருவிகளுக்கெல்லாம் தளமாக இருப்பதால் மத்தளம் என்று பெயர் வந்ததாக அடியார்க்கு நல்லார் தரும் விளக்கத்தையும் சொன்னேன். அந்தச் சூட்டில் மகனின் மென்பொருளையும் விவரித்து, இனி யாருக்கும் தொந்தரவில்லாமல் முழவு பழகலாம் என்று பெருமையாகச் சொல்லி வைத்தேன்.

வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவன் வராந்தாவில் காத்திருந்தான். கொள்ளிடக் கரையோரச் சிற்றூர்க்காரன். தந்தை பறை வாசிப்பவர். குடும்பத்தில் முதலில் கல்லூரிக்கு வந்தவன் அவன்.

"ஐயா, அந்த சாஃப்ட்வேர்ல பறையும் இருக்குங்களா?"

"பறை ஒலியைப் பதிந்து சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஏன், உன் அறையில் வாசித்தால் பக்கத்தில் சத்தம் போடுகிறார்களா?"

"சத்தம் பிரச்சினை இல்லீங்கய்யா. பறைன்னு கேட்டுச்சுன்னா நான் யாருன்னு தெரிஞ்சிடும். அப்புறம் ரூம் இருக்காது."

எனக்குப் பதில் வரவில்லை. என் மகன் ஒலியை அடக்குவது பக்கத்து வீட்டுக்காரர் மீதுள்ள கரிசனத்தால். இவன் அடக்க நினைப்பது அச்சத்தால். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்: காதில் ஹெட்போன், கையில் குச்சி, எதிரே கேமரா. வீட்டுக்கு வந்த பிறகும் இந்த ஒற்றுமை என்னை விடவில்லை.

ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் தெய்வம், உணவு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் வைத்தவர் தொல்காப்பியர். பறைதல் என்றால் சொல்லுதல். அந்தக் கருவியை நாம் சாவு வீட்டோடு கட்டிப்போட்டு, வாசிப்பவரை ஊருக்கு வெளியே நிறுத்தினோம்.

கொள்ளிடக் கரையில் வாழும் நமக்குச் சேக்கிழார் காட்டும் ஆதனூர் அயலூரன்று. அவ்வூர் நந்தனார் சிவன் கோயில்களின் பேரிகை முதலான கருவிகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தவர். தோல் உள்ளே போயிற்று. கொடுத்தவர் வாசலில் நின்றார். இந்தக் கதை பன்னிரண்டாம் நூற்றாண்டுக் காவியத்தோடு முடிந்துவிடவில்லை. மிருதங்கம் செய்யும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல்தான் வந்தது. வாசித்தவர்களின் பெயர் வரிசையை மனப்பாடமாகச் சொல்லும் நம் ரசிகர்களில் எத்தனை பேருக்குத் தோல் மூட்டியவர் ஒருவரின் பெயராவது தெரியும்?

ஆகவே, தோலே தேவைப்படாத முழவு வந்துவிட்டது என்று மகிழும்போது எனக்குச் சிறு தயக்கம் எழுகிறது. தோலைப் பார்க்க விரும்பாத மனம் நம்மிடம் முன்பே இருக்கிறது. அந்த மனத்துக்கு இது வசதியாகிவிடக் கூடாது. மென்பொருளைச் செய்தவர்களுக்கு இதில் பங்கில்லை. அவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் டிரம்ஸ்காரருக்கு நல்லதொரு உதவி செய்தார்கள். பயன்படுத்தும் ஊர் எங்களுடையது.

அடுத்த ஞாயிறு மாலை அந்த மாணவனை அழைத்துக்கொண்டு மதனத்தூர்ப் பாலத்துக்குக் கீழே மணலுக்குப் போனோம். என் மகனும் வந்தான். சருகு கூட்டித் தீ மூட்டி, தந்தையின் பறையைக் காய்ச்சி அவன் வாசித்தான். பிறகு அடிக்குச்சியையும் சிம்புக்குச்சியையும் என் மகனிடம் கொடுத்தான். இரண்டு மாதம் காற்றில் பழகியவன் நாலு அடி அடித்துவிட்டுக் கையை உதறினான்.

"திருப்பி அடிக்குதுப்பா."

"மணிக்கட்டை விடு தம்பி, அதுவே தூக்கிக் குடுக்கும்" என்றான் மாணவன்.

மென்பொருளைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. இரவில் கணக்குப் பழக அது போதும்; என் வீட்டில் இன்றும் இருக்கிறது. ஆனால் வாரத்தில் இரண்டு மணி நேரமாவது தோலில், எல்லோர் காதிலும் விழும்படி பழக ஓர் இடம் வேண்டும். மாலையில் வெறுமனே கிடக்கும் கல்லூரி மைதானங்கள் அதற்குப் போதும். எங்கள் கல்லூரியில் கேட்டிருக்கிறேன், பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். ஆசிரியர்களாக இருக்கும் நண்பர்கள் தத்தம் ஊரிலும் கேட்டுப் பார்க்கலாம். அறை வாடகைக்கு விடும் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. குடிவந்த பையனின் அறையிலிருந்து பறை ஒலி கேட்டால், இரவு பத்து மணிக்கு மேல் வேண்டாம் தம்பி என்று மட்டும் சொல்லுங்கள்.