கோவலன் ஏறாத படி

சிலப்பதிகாரம் கற்றோர் பலர்க்குக் கோவலன்மேல் மதிப்பு மிகுதியாக இருப்பதில்லை. கண்ணகியை வணங்குகின்றோம், மாதவிக்கு இரங்குகின்றோம், பாண்டியன் நெடுஞ்செழியனை வியக்கின்றோம். வற்றாப்பளையிலே வைகாசிப் பொங்கலுக்குத் திரளும் அடியாரும், மட்டக்களப்புக் கோயில்களிலே கண்ணகி வழக்குரை படிக்கக் கேட்டோரும் கோவலனை அம்மன் கதையிலே கொலையுண்ட கணவன் என்ற அளவிலேயே நினைவில் வைத்திருக்கின்றனர். கணிகையின் பின் சென்று பொருளிழந்தவன், நெஞ்சுரம் அற்றவன், கோழை என்று வகுப்பறையிலே தீர்ப்புக் கூறிவிட்டு மேலே செல்வது வழக்கம். யானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். இப்பொழுது அவனைக் கோழை என்று சொல்ல நா எழவில்லை. அவனிடம் இல்லாதிருந்தது வேறொன்று.

கோவலன் வீரத்துக்கு இளங்கோவடிகளே சான்று வைத்துள்ளார். மதுரையின் புறத்தே மாடலன் என்னும் மறையவன் கோவலனைக் கண்டு, அவன் முன்னர்ச் செய்தவற்றை எடுத்துரைக்கும் பகுதி அடைக்கலக் காதையில் வருகின்றது. மணிமேகலைக்குப் பெயரிட்ட நாளிலே தானம் பெற வந்த முதியவன் ஒருவனை மதயானை பற்றிக்கொள்ள, கோவலன் பாய்ந்து அவனை விடுவித்து, அந்த யானையின் பிடரியிலேயே ஏறி அடக்கினான். பொய்க்கரி கூறிய ஒருவனைப் பூதம் பாசத்தாற் கட்டி உண்ணப் புகுந்தபோது, அவனுடைய தாய் படும் துயரம் பொறாது, அவன் உயிர்க்கு ஈடாகத் தன்னுயிரைக் கொள்ளுமாறு பூதத்திடம் வேண்டினான். யானைக்கும் பூதத்துக்கும் அஞ்சாத ஒருவனைக் கோழை என்பது எங்ஙனம் பொருந்தும்?

மாடலன் கூறும் நிகழ்ச்சிகளை மேலும் ஒருமுறை ஊன்றிப் படித்தல் வேண்டும். பூதம் கோவலன் உயிரை ஏற்க மறுத்து, பொய்யனைக் கொன்றுவிடுகின்றது. கோவலனோ அந்தத் தாயைத் தன்னுடன் அழைத்துச் சென்று, அவள் சுற்றத்தாரையும் பல்லாண்டு காலம் பேணுகின்றான். மற்றொரு நிகழ்ச்சியிலே, கீரிப்பிள்ளையைக் கொன்ற பழிக்காகக் கணவனாற் கைவிடப்பட்ட பார்ப்பனி ஒருத்தி ஓலையைக் கையிலேந்தி வணிகர் தெருவிலே அழுது செல்கின்றாள். கோவலன் அவளை அழைத்து, பழி தீர்தற்கு வேண்டிய பொருளை ஈந்து, பிரிந்த கணவனை அவளோடு சேர்த்துவைக்கின்றான். ஆகவே, மகனை இழந்த தாயின் துயரும், கணவனைப் பிரிந்த மனைவியின் துயரும் அவன் அறியாதன அல்ல. தெருவிலே கண்டால் உடனே அறிகின்றான். அதே நகரத்திலே, அவனுக்காக அத்துயரத்தையே அனுபவித்துக்கொண்டு ஒரு தாயும் ஒரு மனைவியும் இருந்தனர். அங்கே போக அவனால் இயலவில்லை. அடிகள் இவ்விரண்டையும் தெரிந்தே வைத்தார் என்பது என் துணிபு.

தன் இல்லம் திரும்பியபோது கோவலன் கண்ணகியிடம் கூறுவது, முன்னோர் ஈட்டிய பொருளெல்லாம் தொலைந்தது தனக்கு நாணம் தருகின்றது என்பதாகும். கண்ணகி சிலம்பை எடுத்துத் தருகின்றாள். அதனை முதலாகக் கொண்டு மதுரையிலே வாணிகம் செய்து இழந்ததை மீட்கலாம் என்கின்றான். பொழுது புலருமுன்னே, ஒருவர்க்கும் உரையாது, இருவரும் புகாரை விட்டு நீங்குகின்றனர். இதிலே பெருமை இல்லாமலில்லை. தந்தையின் செல்வத்திலே சாய்ந்து உயிர்வாழ விரும்பாத மகனின் மானம் இதிலே உண்டு. எனினும் மாசாத்துவான் வீடு எத்துணைத் தொலைவில் இருந்தது? அதே நகரிலே, சில தெருக்களுக்கு அப்பால் இருந்திருக்கும். மதுரையோ முப்பது காதம். கோவலன் முப்பது காதத்தைத் தேர்ந்தெடுத்தான். நாணம் என்று அவன் கூறியது தன் தந்தையின் முகத்தையே குறித்தது என்று கொள்ளுகின்றேன்.

இவ்விடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைக் கூறுதற்குப் படிப்போர் பொறுத்தருள்க. விடுதியிலே தங்கிப் படித்த காலத்தில் அரசாங்கப் பரீட்சை ஒன்றில் யான் தவறினேன். முடிவு வந்த அன்று வீட்டுக்குச் செல்லாமல் தென்மராட்சியிலிருந்த சிறிய தாயார் வீட்டுக்குச் சென்றுவிட்டேன். பதினொரு நாள் கடந்தன. பன்னிரண்டாம் நாள் வெயிலிலே குடை பிடித்துக்கொண்டு ஐயா படலையடியில் வந்து நின்றார். பரீட்சையைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டாரில்லை. "கொம்மா சரியாய்ச் சாப்பிடுறேல்லை. வெளிக்கிடு" என்றார். அவர் ஏசுவார் என்று பதினொரு நாள் அஞ்சியிருந்தேன். ஏசாதது அதனினும் வருத்தியது. அவர் வராதிருந்தால் எத்தனை நாள் அங்கே இருந்திருப்பேன் என்று இன்றும் எண்ணிப் பார்ப்பதுண்டு.

மாசாத்துவானும் மகனைத் தேடாமலில்லை. வழியிலே கோசிகன் என்னும் அந்தணன் கோவலனைக் காண்கின்றான். துயரால் உருமாறியிருந்தவனை ஐயுற்று, அருகில் நின்ற மாதவிக் கொடியைப் பார்த்துப் பேசுவதுபோலப் பேசி, அவனே கோவலன் என்று தெளிகின்றான். பின்னர்ப் புகாரின் நிலையை உரைக்கின்றான்: பெற்றோர் மணியிழந்த நாகம்போல் இருக்கின்றனர், எத்திசையும் ஆட்கள் சென்று தேடுகின்றனர், இராமன் நீங்கிய அயோத்திபோல் ஊர் மயங்கிக் கிடக்கின்றது. இதைக் கேட்ட பின்னர்த் தந்தை தன்னை வெறுக்கின்றார் என்று நினைத்தற்குக் கோவலனுக்கு இடமில்லை. திரும்பிச் செல்லும் வழி இன்னும் திறந்தே கிடந்தது.

அவன் செய்ததோ விந்தையானது. மாதவி கொடுத்தனுப்பிய ஓலையைப் பிரித்துப் படிக்கின்றான். அவள் பிழையற்றவள், தீது தன்னுடையதே என்று உணருகின்றான். பெற்றோரைப் பணிந்து பிழை பொறுக்க வேண்டும் சொற்களாகவும் அந்த ஓலை பொருந்துவதைக் கண்டு, அதனையே தன் தந்தையிடம் காட்டி அவர் துயரைத் தீர்க்குமாறு கோசிகனிடம் கொடுத்துவிடுகின்றான். நினைத்துப் பாருங்கள். குற்றத்தை உணர்ந்துவிட்டான், மன்னிப்பும் வேண்டுகின்றான், ஆயினும் அதற்குரிய சொற்களை இன்னொருத்தியின் ஓலையிலிருந்து கடனாகப் பெறுகின்றான். "ஐயா, பிழை செய்தேன்" என்று சொந்த வாயாற் கூறும் துணிவு அவனுக்கு வரவில்லை. யானைமேற் பாய்ந்தவனுக்கு வரவில்லை.

தந்தையின் முன் நின்று பேசிய மகனை நம் இலக்கியம் காட்டாமலில்லை. கம்பனுடைய இந்திரசித்து, போர்க்களத்திலிருந்து மீண்டு, சீதைமேல் வைத்த ஆசையை விடுமாறு இராவணனுக்கு நேரே கூறுகின்றான். அச்சத்தாலன்று, அன்பினால் கூறுவதாகவும் உரைக்கின்றான். தந்தை கேட்கவில்லை. மகன் போய் மடிகின்றான். அதனால் விளைந்த பயன் ஒன்றுமில்லை எனலாம். எனினும் அவன் சொல்லிவிட்டே போனான்.

பழியைக் கோவலன்மேல் மட்டும் ஏற்றுதலும் நேர்மையன்று. அவன் மாதவி இல்லத்திலிருந்த காலத்தில் மாமனும் மாமியும் தன்னைக் காண வந்ததையும், தான் வருத்தத்தை மறைத்துப் பொய்யாக முறுவலித்ததையும், அம்முறுவலைக் கண்டு அவர்கள் உள்ளம் நொந்ததையும் கண்ணகி பின்னர்க் கூறுகின்றாள். மருமகளிடம் சென்று நொந்தவர்கள் மகனிடம் சென்று கண்டித்ததாகக் காப்பியத்திலே இல்லை. கண்ணகி பேசவில்லை, மாமி பேசவில்லை, மாசாத்துவான் பேசவில்லை. பெருஞ்செல்வர் வீட்டு நாகரிகம் அது போலும். நம் ஊர்க் குடும்பங்களிலும் இந்நாகரிகம் உண்டு. மகனைப் பற்றி ஊரெல்லாம் பேசும், தந்தையும் மகனும் மட்டும் ஒரே திண்ணையில் இருந்துகொண்டு மழையைப் பற்றிப் பேசுவர்.

இவையெல்லாம் ஊழின் செயல் என்பார்க்கு விடை கூறுதல் கடினமன்று. ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும் என்பதை அடிகள் தாமே நூலின் நோக்கங்களுள் ஒன்றாக வைத்தார். முற்பிறப்பிலே கோவலனால் உயிரிழந்த சங்கமன், அவன் மனைவி நீலி ஆகியோர் கதையையும் மதுரைத் தெய்வம் உரைக்கின்றது. மறுக்கவில்லை. ஆயினும் ஊழ் வந்து புகுவதற்கும் ஒரு வாயில் வேண்டும். கோவலன் விடியுமுன் திறந்துகொண்டு போன வாயில் அது என்பதே என் கருத்து.

மகன் இறந்த செய்தி புகாரை எட்டியதும் தாய் உயிர் நீத்தாள். தந்தை தன் பொருளையெல்லாம் தானமாக ஈந்து பௌத்தத் துறவியர் பள்ளியை அடைந்தான். சிலம்பு அவனைப் பற்றி இவ்வளவே கூறுகின்றது. அவன் வாய்மொழியாக நாம் கேட்பது யாதுமில்லை. சாத்தனாரின் மணிமேகலையிலேதான் அவன் பேசத் தொடங்குகின்றான். வஞ்சிமாநகரில், துறவுக் கோலத்தில், தன்னைக் கண்டு வணங்கிய மணிமேகலையிடம் நெடுநேரம் பேசுகின்றான். குலத்தின் பழங்கதையைக் கூறுகின்றான். தான் துறந்த காரணத்தைக் கூறுகின்றான். காஞ்சியிலே மழையின்றி உயிர்கள் வாடுகின்றன, அமுதசுரபியுடன் அங்கே செல்க என்று வழியும் காட்டுகின்றான். கேட்டு நிற்பவள் கோவலனின் மகள்.