இன்ஜெக்டர் போச்சா, ஒயர் போச்சா? டீசல் வண்டிக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் உதறுகிறது. பிக்கப் சுத்தமாக இல்லை. டேஷ்போர்டில் செக் இன்ஜின் லைட் அணைய மறுக்கிறது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டினால், இரண்டே நிமிடத்தில் 'பி0202' என்று வருகிறது. "ரெண்டாவது இன்ஜெக்டர் போச்சு சார், மாத்திடலாம்" என்கிறார் மெக்கானிக்.

பல டீசல் கார்களில் ஒரு இன்ஜெக்டரின் விலையே ஐந்து இலக்கம். கால் டாக்ஸியோ லோடு வண்டியோ ஓட்டுபவருக்கு அது ஒரு மாத இ.எம்.ஐ. அதனால் தலையாட்டும் முன் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: "அளந்து பார்த்தீங்களா?"

அந்தக் கோட் உண்மையில் என்ன சொல்கிறது?

பி0202 என்றால், 'இரண்டாவது சிலிண்டரின் இன்ஜெக்டர் சர்க்யூட்டில் கோளாறு'. சர்க்யூட் என்ற சொல்தான் இங்கே முக்கியம். இன்ஜெக்டருக்குள் இருக்கும் காயில், அதில் மாட்டும் கப்ளர், அங்கிருந்து போகும் இரண்டு ஒயர்கள், மறுமுனையில் இருக்கும் இ.சி.யு. எல்லாம் சேர்ந்ததுதான் சர்க்யூட். கரன்ட் சரியாக ஓடவில்லை என்பது மட்டும்தான் இ.சி.யு.வுக்குத் தெரியும். காயில் அறுந்தாலும், எலி ஒயரைக் கடித்தாலும் அது காட்டுவது ஒரே கோட்தான்.

பழைய டீசல் இன்ஜினில் இந்தக் குழப்பமே கிடையாது. பம்ப் கொடுக்கும் அழுத்தத்தில் நாசில் தானாகத் திறக்கும். ஒயருக்கு வேலையே இல்லை. 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் காமன் ரெயில் வந்த பிறகு கதை மாறியது. இப்போது ரெயிலில் ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் டீசல் காத்திருக்கிறது. எப்போது, எவ்வளவு நேரம் திறப்பது என்பதை மின்சாரம் முடிவு செய்கிறது. இதற்காக இ.சி.யு. பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல மடங்கு உயர்த்தி இன்ஜெக்டருக்கு அனுப்புகிறது. கப்ளரில் கொஞ்சம் பாசி பிடித்தாலே போதும், சிலிண்டர் மிஸ் அடிக்கும்.

சரியான வரிசை எது?

முதல் வேலை, கண்ணால் பார்ப்பது. கப்ளரைக் கழற்றினால் பின் பச்சை பூத்திருக்கிறதா, ஆயில் இறங்கியிருக்கிறதா, ஒயர் எங்காவது பிராக்கெட்டில் உரசித் தோல் கிழிந்திருக்கிறதா? இதற்கு ஒரு டார்ச் லைட் போதும்.

அடுத்தது மல்டிமீட்டர். சோலனாய்டு வகை இன்ஜெக்டரில் இரண்டு பின்களுக்கு இடையே பெரும்பாலும் 1 ஓமுக்கும் குறைவாகவே காட்டும். இவ்வளவு சின்ன அளவில் மீட்டரின் ஒயரே கணக்கைக் கெடுத்துவிடும். அதனால் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றாகத் தொட்டு, வரும் எண்ணைக் கழிக்க வேண்டும். பிறகு நான்கு இன்ஜெக்டரையும் அளந்து ஒப்பிட வேண்டும். மூன்று ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் 'ஓப்பன்' காட்டினால், காயில் போயிருக்கிறது. பியேசோ வகை என்றால் கணக்கே வேறு. பல மாடல்களில் லட்சத்தைத் தாண்டிய ஓம் காட்டும். இது தெரியாமல் சோலனாய்டு கணக்கில் பார்த்தால், நல்ல இன்ஜெக்டரும் 'ஓப்பன்' போலத் தெரியும்.

மூன்றாவது, பின்னுக்கும் இன்ஜெக்டர் பாடிக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்பது. இருந்தால் ஷார்ட். சில வண்டிகளில் இரண்டு இன்ஜெக்டர்களுக்கு ஒரே மின்சப்ளை என்பதால், ஒன்று ஷார்ட் ஆனால் ஜோடியும் நின்றுவிடும். 'ரெண்டும் போச்சு' என்று பில் வருவது இப்படித்தான்.

நான்காவது, ஒயர். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 'பீப்' அடிக்கும். ஆனால் இன்ஜெக்டர் திறக்கும் நொடியில் தேவைப்படும் பெரிய கரன்ட்டை அந்த ஒற்றை இழை தாங்காது. அனுபவமுள்ள ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒயரின் இரண்டு முனைகளையும் கழற்றிவிட்டு, அதன் வழியாக ஹெட்லைட் பல்பை எரிய வைத்துப் பார்ப்பார். பல்ப் மங்கினால் ஒயர்தான் குற்றவாளி.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் இன்ஜெக்டரை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். கோட் கூடவே அடுத்த சிலிண்டருக்குப் போனால் இன்ஜெக்டர் கோளாறு. அதே இடத்தில் நின்றால் ஒயரோ இ.சி.யு.வோ. புது இன்ஜெக்டர் போட்டால், பெரும்பாலான வண்டிகளில் அதன் மேல் இருக்கும் எண்ணை ஸ்கேனர் மூலம் இ.சி.யு.வில் பதிய வேண்டும். காப்பர் வாஷரும் புதிதாகப் போட வேண்டும்.

யூடியூப் பார்த்து செய்யலாமா?

டார்ச் லைட் வரைக்கும் ஓகே. இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் கப்ளரைப் பிடுங்கவே கூடாது. ஷாக் அடிக்கும் அளவுக்கு வோல்டேஜ் இருக்கிறது. பியேசோ இன்ஜெக்டர் திறந்தபடியே நின்று இன்ஜினையே காலி செய்துவிடலாம். பழைய பழக்கத்தில் பைப் நட்டைத் தளர்த்தி 'எந்த சிலிண்டர் வேலை செய்யல' என்று பார்ப்பதும் கூடாது. அந்த அழுத்தத்தில் சீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையையே எடுக்க வேண்டிய நிலை வரலாம்.

தப்பு மெக்கானிக் மேல் மட்டுமா?

இல்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒயரைத் தேடி, ஒரு பின்னைச் சுத்தம் செய்து கொடுத்தால், "இதுக்குப் போய் 500 ரூபாயா?" என்று சண்டை போடுவது நாம்தான். அதே ஆள் பார்ட்ஸ் மாற்றினால் ஆயிரங்களைக் கேள்வி கேட்காமல் கொடுக்கிறோம். மாற்றினால்தான் காசு என்ற நிலையை வாடிக்கையாளர்களே உருவாக்கிவிட்டு, மாற்றுகிறார்கள் என்று புலம்புவதில் நியாயம் இல்லை.

கம்பெனிகளுக்கும் பங்கு உண்டு. சரியான ஓம் எவ்வளவு, எந்த ஒயர் எங்கே போகிறது என்ற விவரம் தெருமுனை ஒர்க்‌ஷாப்புக்கு எளிதில் கிடைப்பதில்லை. உதிரிபாகங்களையும் டயக்னாஸ்டிக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததாக 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. விஷயம் மேல்முறையீட்டுக்குப் போனது. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' பட்டியலில் வாகனங்களையும் சேர்த்து, அதற்கென இணையதளமும் தொடங்கியது. கட்டாயச் சட்டமாக மாறும்போதுதான் இது தெருமுனை வரை வந்து சேரும்.

அதுவரை வாடிக்கையாளர் கையில் இருப்பது ஒரு எளிய வழி. டயக்னோஸ் செய்வதற்கான கூலியைத் தனியாகப் பேசி, மனமுவந்து கொடுங்கள். பதிலுக்கு, நான்கு இன்ஜெக்டரின் ரீடிங்கையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தருகிற மெக்கானிக் கிடைத்தால், அவரை விட்டுவிடாதீர்கள்.